நாலாவது சரி

வாங்கம்மா, உள்ளே வாங்க. வாசல்லயே நின்னு வாங்கிட்டுப் போறது நல்லா இல்லை. மூணாவது மாடிக்குப் புதுசா வந்திருக்கறவங்க நீங்கதானே? நிவேதிதான்னு பார்சல்ல பேர் போட்டிருந்தது. பத்திரமா உள் ரூம்ல வச்சிருக்கேன். கூரியர்காரங்க எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன், இந்தக் கட்டடத்துல யாருக்கு எது வந்தாலும் கீழ் வீட்டுத் தணிகாசலம் சார்கிட்ட குடுத்துட்டுப் போயிடுங்கன்னு. என்ன, நீங்க வீட்டுலதான் இருந்தீங்களா? மேலே வந்து பெல்லே அடிக்கலையா? சரி விடுங்க. பாவம், அவங்களும் எத்தனை மாடிதான் ஏறுவாங்க.

அந்த நாற்காலி வேண்டாம், ஆடும். இதுல உட்காருங்க. இது ஹேமாம்மா உட்கார்ற நாற்காலி. அவங்களுக்கு முட்டி வலி, அதனால உயரமா ஒண்ணு வாங்கிப் போட்டேன். இப்ப காலியாத்தான் இருக்கு.

ஹேமாம்மான்னா ஹேமாவதி. உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. மேடை நாடகம் பார்த்திருக்கீங்களா? சபாவுல திரையைத் தூக்கி நேர்ல நடிக்கிறது. இல்லையா? பரவாயில்லை, நிஜத்தைச் சொல்றீங்க. பல பேர் "ஓ, நிறைய பார்த்திருக்கேனே"ன்னு சொல்லிட்டு டிவி சீரியல் பேரைச் சொல்வாங்க. ஹேமாம்மா மேடையில அழுதா முன்வரிசையில இருக்கறவங்க கர்ச்சீப்பைத் தேடுவாங்க. பேங்க்ல வேலை பார்த்துக்கிட்டே நடிச்சாங்க. நாங்க எல்லாருமே அப்படித்தான். நான் இன்சூரன்ஸ் ஆபீஸ். சாயங்காலம் ஆபீஸ் விட்டா நேரா ஒத்திகை. ஒத்திகை எங்கேன்னு கேட்டீங்கன்னா, இங்கேதான், நீங்க உட்கார்ந்திருக்கற இதே ஹால்ல.

உங்க வீட்டுல ஹாலுக்கும் சாப்பிடற இடத்துக்கும் நடுவுல ஒரு சுவர் இருக்கும் பாருங்க. எங்க வீட்டுல இருக்காது. பில்டர் எழுப்பத்தான் பார்த்தான். என் வீட்டுக்காரி சுலோச்சனாதான் வேண்டாம்னுட்டா. பத்துப் பன்னிரண்டு பேர் நின்னு பேசணுமே, சுவர் எதுக்குன்னா. எங்களுக்குக் குழந்தைங்க கிடையாது. அரும்பு நாடகக் குழுன்னு ஒரு கூட்டத்தையே வளர்த்தோம். அவ போனப்புறம் குழுவும் நின்னு போச்சு. இப்ப நான் ஒருத்தன்தான். அந்தச் சுவர் இருந்திருந்தாக் கொஞ்சம் தேவலைன்னு சில நாள் தோணும்.

காபி குடிக்கிறீங்களா? தண்ணி போதுமா? சரி, தண்ணியே தரேன். ஆனா டிகாஷன் இருக்கு, சொல்லிட்டேன்.

பார்சல்தானே, தரேன், எங்கேயும் ஓடிடாது. ரொம்ப லேசா இருக்கு. துணியா? நான் பிரிக்கலைம்மா, கையில எடுத்தப்போ தெரிஞ்சது.

ஏன் காலியா இருக்குன்னு சொல்ல வந்தேன். போன ஆவணியிலேர்ந்து இந்த வீடு எப்படி இருந்தது தெரியுமா? நீங்க அப்போ குடி வரலை. எங்க நாடகக் குழுக்களுக்கெல்லாம் சேர்த்து ஒரு கூட்டமைப்பு இருக்கு. வருஷா வருஷம் விருது குடுப்போம். சிறந்த நாடகம், சிறந்த நடிகர், இப்படி. ஒரு சின்ன ஹால், ஐம்பது பேர், அதுல பாதிப் பேர் விருது வாங்கறவங்க, மீதிப் பேர் அவங்க சொந்தக்காரங்க. இந்த வருஷம் ஒரு டிவி சேனல்காரங்க வந்து, "உங்க விழாவை ரெக்கார்ட் பண்ணிப் பொங்கல் அன்னிக்குப் போடறோம்"னு சொன்னாங்க. எங்களுக்கு நம்பவே முடியலை. பொங்கல் அன்னிக்கு, நாடெல்லாம் டிவி முன்னாடி உட்கார்ந்திருக்கற நேரத்துல, எங்க ஆளுங்க மேடையேறி விருது வாங்கறாங்க. ஆனா ஒரே ஒரு கண்டிஷன். நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்க ஒரு பிரபலம் வேணும். எல்லாருக்கும் தெரிஞ்ச முகம். தீபாவளிக்குள்ள ஆளைச் சொல்லிடணும். இல்லைன்னா அந்த நேரத்துக்கு அவங்க வேற ஏதாவது நிகழ்ச்சி போட்டுக்குவாங்க.

ஆளைத் தேர்ந்தெடுக்க நாலு பேர் கமிட்டி. நான், ஹேமாம்மா, அருணகிரி, பட்டாபி. அருணகிரி மேடை செட் போடறவன். என் வயசுதான், என்னை 'தணிகா'ன்னு பேர் சொல்லிக் கூப்பிடற ஒரே ஆளு இப்ப அவன்தான். பட்டாபி எங்களை விடச் சின்னவன், வருமான வரி ஆலோசகர், ஆனா மேடையேறினா காமெடியன். யார் குரலைக் கேட்டாலும் அப்படியே பேசுவான். கூட்டம் என் வீட்டுல. ஏன்னா கீழ் வீடு, ஹேமாம்மா படி ஏற வேண்டாம்.

எங்க கூட்டமைப்புல ஓட்டெடுப்பு கிடையாதும்மா. முன்னே ஒரு தடவை ஓட்டுப் போட்டுச் செயலாளரைத் தேர்ந்தெடுத்து, தோத்தவங்க தனிச் சங்கம் ஆரம்பிச்சு, அண்ணன் தம்பிக்குள்ள பேச்சுவார்த்தை இல்லாமப் போச்சு. அதுலேர்ந்து எது முடிவானாலும் ஏகமனதாத்தான். நாலு பேர் கமிட்டின்னா நாலு சரி வேணும். மூணு சரி வந்தா அது முடிவு இல்லை. நல்ல ஏற்பாடு. என்னைக் கேட்டா நாட்டுக்கே இதைக் கொண்டு வரலாம்.

முதல் நாள் கூட்டத்தைச் சொல்றேன் கேளுங்க. பெரிய ஃபில்டரைப் பரண்லேர்ந்து இறக்கினேன். சுலோச்சனா ஒத்திகை நாள்ல போடற ஃபில்டர். தேய்ச்சுக் கழுவறதுக்கே மத்தியானம் சரியாப் போச்சு. காலையில பால்காரர்கிட்ட ஒண்ணரை லிட்டர் கேட்டேன். வழக்கமா அரை லிட்டர்தான் வாங்குவேன், அதுலயும் பாதி மறுநாளைக்குத் தயிராயிடும். "வீட்டுல விசேஷமா சார்?"னு கேட்டார். "ஆமாய்யா"ன்னேன். சொன்னப்புறம் எனக்கே சந்தோஷமா இருந்தது.

மூணு பேரும் வந்தாங்க. நான்தான் முதல்ல பேரைச் சொன்னேன். "சாருமதி எப்படி?" சாருமதியை உங்களுக்குத் தெரியாம இருக்காது. ராத்திரி சீரியல்ல மாமியாரா வந்து மிரட்டுவாங்களே, அவங்கதான். ஆரம்பத்துல எங்களோட மேடையில நடிச்ச பொண்ணு. "பிரமாதம்ணே"ன்னான் பட்டாபி. "தமிழைக் கடிச்சுத் துப்பாமப் பேசுவா"ன்னாங்க ஹேமாம்மா. "நான் போன் பண்ணினா வருவா, முடிஞ்சது"ன்னான் அருணகிரி. அவ்வளவுதான். காபி ஆறக்கூட இல்லை. வாங்கி வச்ச போண்டாவுல ஆளுக்கு ஒண்ணு எடுத்தாங்க. எல்லாரும் எழுந்துட்டாங்க.

வாசல்ல செருப்பு மாட்டிக்கிட்டிருக்காங்க. பட்டாபி ஒரு கால் மாட்டிட்டான். அப்பத்தான் எனக்கு ஒண்ணு தோணுச்சு. நிஜமாவே அப்பத்தான் தோணுச்சும்மா. "ஒரு நிமிஷம்"னேன். "இன்னிக்கு ஜனங்க சீரியலைத்தானே நாடகம்னு சொல்றாங்க? சாருமதி மேடையில வந்து நின்னு நாடக விருதுன்னு சொன்னா, இது சீரியல் விருதுன்னு நினைச்சுக்க மாட்டாங்களா? நம்ம ஆளுங்களை யார் கவனிப்பாங்க?"

நியாயமான கேள்விதானே? நீங்களே சொல்லுங்க. அருணகிரி நெத்தியில கை வச்சான். ஹேமாம்மா யோசிச்சுட்டு, "அதுவும் சரிதான்"னாங்க. பட்டாபி செருப்பைக் கழட்டிட்டு உள்ளே வந்தான். போண்டா முழுக்கத் தீர்ந்தது. அன்னிக்கு அவங்க கிளம்பும்போது தெருவிளக்கு போட்டாச்சு.

அதுக்கப்புறம் வாரத்துல ரெண்டு நாள் கூட்டம். போகப் போக மூணு நாளாச்சு. நான் குறை சொல்ற ஆளு இல்லைம்மா. டைரக்டரா இருந்து பழக்கம், அவ்வளவுதான். ஒரு பாத்திரத்துக்கு ஆள் போடறதுன்னா அவசரப்படக் கூடாது.

ரிஷிகேஷ்னு ஒருத்தன் இருக்கான், பாட்டுப் போட்டி நடத்தறவன், தலைமுடியெல்லாம் செம்பட்டையா. பட்டாபி அவன் பேரைச் சொன்னான். நான் அவன் நிகழ்ச்சியை ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்தேன். மூச்சு விடாமப் பேசறான். ஒருத்தர் பேரைச் சொன்னா, கைத்தட்டலுக்கு இடம் விடணுமே. அந்த மனுஷன் நாற்காலியிலேர்ந்து எழுந்து, வேட்டியைச் சரி பண்ணிக்கிட்டு, மேடைக்கு நடந்து வரணும். இவன் அதுக்குள்ள அடுத்த விருதுக்குப் போயிடுவான். இதை நான் சொல்லலைன்னா யார் சொல்வாங்க?

அப்புறம் ஆதித்யராஜ். ஹீரோ. அவரோட மேனேஜர் போன் பண்ணி, சார் வருவார், ஆனா அவருக்கும் ஒரு விருது குடுத்துடுங்கன்னார். என்ன விருதுங்கன்னு கேட்டேன். வாழ்நாள் சாதனைன்னார். அந்த ஆளுக்கு முப்பத்தி ரெண்டு வயசு. அன்னிக்குச் சாயங்காலம் இந்த வீட்டுல சிரிச்ச சிரிப்பு இருக்கே, மேல் வீட்டுலேர்ந்து எட்டிப் பார்த்தாங்க. பட்டாபி மேனேஜர் குரல்லயே பேசறான், "சார் சின்ன வயசுலயே வாழ்ந்து முடிச்சுட்டாருங்க"ன்னு. அருணகிரிக்குப் புரையேறி, நான் தலையில தட்டி, ஹேமாம்மா "போதும்டா, எனக்கு முட்டியே வலிக்குது"ன்னு சொல்லி. அது ஒரு நாள். அந்த மாதிரி ஒரு நாளுக்காக எவ்வளவு பால் வேணும்னாலும் வாங்கலாம்.

உங்க போன் அடிக்குது பாருங்க. எடுங்க, எடுங்க, நான் காத்திருக்கேன். வீட்டுக்காரரா? கீழ் வீட்டுல பேசிட்டிருக்கேன்னு சொல்லுங்க.

எங்கே விட்டேன்? ஆங், சந்தானகோபால். கிரிக்கெட் வர்ணனை பண்றவர். அருணகிரிதான் சொன்னான். மரியாதையான ஆளு, கண்ணியமான குரல். எனக்கும் பிடிச்சுத்தான் இருந்தது. ஆனா நாடகம்னா என்னன்னு தெரியுமா அவருக்கு? அதைக் கேட்டேன். ஹேமாம்மா அங்கேயே போன் போட்டு ஸ்பீக்கர்ல வச்சாங்க. பார்த்தா, மனுஷன் நாடகம் பார்த்திருக்கார். அதுலயும் என் நாடகத்தைப் பார்த்திருக்கார். சின்ன வயசுல அப்பா கூட்டிட்டுப் போனாராம். கடைசிக் காட்சியில மழை பெஞ்சதே, அதை எப்படிச் செஞ்சாங்கன்னு இன்னும் யோசிக்கறேன்னார். அருணகிரிக்குக் கண்ணு கலங்கிடுச்சு, மழை செஞ்சவன் அவன்தானே.

போனை வச்சதும் மூணு பேரும் என்னைப் பார்த்தாங்க. பட்டாபி, "அண்ணே, சரி சொல்லுங்கண்ணே"ன்னான். நான் எப்படிச் சொல்றது? யோசிச்சுப் பாருங்க. என் நாடகத்தை ரசிச்சவர். அவரை நானே தேர்ந்தெடுத்தா நாலு பேர் என்ன சொல்வாங்க? தணிகாசலம் தன் ரசிகனைக் கொண்டு வந்து நிறுத்திட்டான்னு சொல்ல மாட்டாங்களா? கூட்டமைப்போட பேர் என்ன ஆகறது? அதனால வேண்டாம்னுட்டேன். மனசு கேட்கலைதான். இருந்தாலும் பொது விஷயம்னு வந்தா அப்படித்தான் இருக்கணும். கிளம்பும்போது ஹேமாம்மா, "சார், பொண்ணு குடுக்கற வீட்டுல கூட இவ்வளவு பார்க்க மாட்டாங்க"ன்னாங்க. நான் சிரிச்சேன். "அடுத்து வெள்ளிக்கிழமை வச்சுக்கலாமா?"ன்னேன். "வச்சுக்கலாம்"னாங்க.

தீபாவளி வந்தது, போச்சு. சேனல்ல ஒரு பொண்ணு பேசும், ரொம்ப மரியாதை. சார், கொஞ்சம் சீக்கிரம் சார்னு. நான், "அவசரப்படாதீங்கம்மா, விழா நல்லா வரணும்ல"ன்னு சொல்வேன். கார்த்திகையில ஒரு வியாழக்கிழமை அந்தப் பொண்ணு, "நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள பேர் வரலைன்னா நிகழ்ச்சி இல்லை சார், மேலிடத்துல சொல்லிட்டாங்க"ன்னு சொல்லிடுச்சு.

அன்னிக்குச் சாயங்காலமே கூடினோம். பட்டிமன்ற நடுவர் புலவர் இளஞ்சேரலைப் போட்டுடலாம்னு மூணு பேரும் பேசி வச்சுக்கிட்டு வந்திருந்தாங்க. தனியாப் பேசியிருக்காங்க பாருங்க. அது எனக்குக் கொஞ்சம் உறுத்துச்சு. இருந்தாலும் காட்டிக்கலை. "இளஞ்சேரல் நல்லவர்தான். ஆனா அவர் காலமெல்லாம் ரெண்டு பக்கமும் நியாயம் இருக்குன்னு தீர்ப்புச் சொல்லிப் பழகினவர். யாருக்கு விருதுன்னு ஒரே ஒரு பேரை எப்படி அவர் வாயால சொல்வார்?"னேன். வேடிக்கையாத்தான் சொன்னேன். முன்னாடியெல்லாம் இதுக்குச் சிரிச்சிருப்பாங்க.

யாரும் சிரிக்கலை. அருணகிரி டம்ளரைக் கீழே வச்சான். பாதிதான் குடிச்சிருந்தான். "தணிகா, உனக்கு இந்த விழா நடக்கணுமா வேண்டாமா?"ன்னான். "நடக்கணும்னுதானே இவ்வளவு பாடுபடறேன்"னேன். "நாற்பது வருஷமா மேடையில கிடந்தவங்களை ஒரு நாள் டிவியில பார்க்கலாம்னு அவங்க வீட்டுல காத்திருக்காங்க, தெரியுமா உனக்கு?"ன்னான். செருப்பை மாட்டிக்கிட்டுப் போயிட்டான். பட்டாபியும் ஹேமாம்மாவும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துட்டுக் கிளம்பினாங்க. "நாளைக்குப் பேசிக்கலாம்"னேன். தலையை ஆட்டினாங்க.

வெள்ளிக்கிழமை நான் எல்லாம் தயாரா வச்சிருந்தேன். அன்னிக்குச் சரி சொல்லிடலாம்னுதான் இருந்தேன். யார் பேரைச் சொன்னாலும் சரின்னு சொல்லிடணும்னு. கேசரி வேற கிண்டினேன், சுலோச்சனா கிண்டற மாதிரி வரலை, இருந்தாலும் வாசனை வந்தது. அஞ்சாச்சு, ஆறாச்சு, யாரும் வரலை. பட்டாபிக்குப் போன் பண்ணினேன். "அண்ணே, இங்க மாம்பலத்துல சரியான மழைண்ணே. இன்னிக்குக் கூட்டம் வேண்டாம்"னான். நான் வெளியே வந்து பார்த்தேன். இந்த ஆதம்பாக்கத்துல ஒரு தூத்தல் கூட இல்லை. மாம்பலத்துக்கும் நமக்கும் அவ்வளவு தூரமா? சரி, பெஞ்சாலும் பெய்யும்னு நினைச்சுக்கிட்டேன். ஆனா சேனலுக்கு இன்னிக்குள்ள சொல்லணுமேன்னு கேட்டேன். "பார்த்துக்கலாம்ணே"ன்னான். கேசரியை வாட்ச்மேனுக்குக் குடுத்தேன். மிச்சத்தை நானே ரெண்டு நாள் சாப்பிட்டேன்.

மறுநாள் காலையில அந்தச் சேனல் பொண்ணு பேசுது. "ரொம்ப நன்றி சார், ஏகமனதா சாருமதி மேடமைத் தேர்ந்தெடுத்ததுக்கு. மேடமும் ஒத்துக்கிட்டாங்க. நாலு பேரும் சரி சொன்னதா பட்டாபி சார் சொன்னார்." என் கையில பல் விளக்கற பிரஷ். "நாலு பேருமா?"ன்னு கேட்டேன். "ஆமா சார், உங்க சரியும் கிடைச்சுதுன்னு சொன்னாரே"ன்னு சொல்லுது. சாருமதி. முதல் நாள் நான் சொன்ன அதே சாருமதி.

எப்படி நடந்ததுன்னு சொல்றேன். நாடகக்காரங்க வழக்கம் ஒண்ணு இருக்கும்மா. ஒத்திகைக்கு ஒருத்தர் வரலைன்னு வச்சுக்குங்க, ஆபீஸ்ல மாட்டிக்கிட்டார், உடம்பு சரியில்லை. அதுக்காக ஒத்திகையை நிறுத்த மாட்டோம். அங்க இருக்கற இன்னொருத்தர் அவர் பார்ட்டைப் பேசிடுவார். ப்ராக்ஸின்னு சொல்வோம். அப்பத்தான் மத்தவங்க தங்கள் வசனத்தைப் பேச முடியும், நாடகம் முன்னே நகரும். வெள்ளிக்கிழமை மூணு பேரும் அருணகிரியோட செட் கோடவுன்ல கூடியிருக்காங்க. ஹேமாம்மா அந்தப் பழைய ராஜா சிம்மாசனத்துல உட்கார்ந்தாங்களாம். மூணு சரி வந்தாச்சு. நாலாவது சரி இல்லாம எப்படி? விதி விதிதானே. அதனால பட்டாபி எனக்கு ப்ராக்ஸி பேசியிருக்கான். சும்மா சரின்னு சொல்லலை. என் ஆட்சேபணை முழுக்கப் பேசி, அவங்க ரெண்டு பேரும் அதுக்கெல்லாம் பதில் சொல்லி, கடைசியில என் வாயால, அதாவது அவன் வாயால, சரி வாங்கியிருக்காங்க.

உடம்பு சரியில்லாதவனுக்குப் ப்ராக்ஸி பேசலாம். வெளியூர் போனவனுக்குப் பேசலாம். நான் இங்கே, இதே வீட்டுல, கேசரியைக் கிளறிக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். எனக்கு எதுக்கும்மா ப்ராக்ஸி?

கோபம் வந்ததுதான். இல்லைன்னு சொல்லலை. ஆனா கோபத்தை விட வேற ஒண்ணு. அந்தக் கோடவுன்ல அன்னிக்கு நல்லாச் சிரிச்சிருக்காங்க. ஹேமாம்மாவே சொன்னாங்க, மறைக்கலை. நான் இல்லாமலே நான் அங்க இருந்திருக்கேன், எல்லாருக்கும் பிடிச்ச மாதிரி. நான் இருந்தப்போதான் யாரும் சிரிக்கலை.

மணி ஆயிடுச்சா? ஆமா, ஆமா, சமையல் இருக்கும். இருங்க, எடுத்துட்டு வரேன். இந்தாங்க உங்க பார்சல். கையெழுத்தெல்லாம் வேண்டாம். ஓட்டை ஒடிசல் இருக்கான்னு மட்டும் பார்த்துக்குங்க.

விழாவா? அடுத்த ஞாயிற்றுக்கிழமை. வண்டி அனுப்பறேன்னு சொல்லியிருக்காங்க. முதல் விருதை நான்தான் குடுக்கணுமாம். போவேன்னுதான் நினைக்கிறேன். வெள்ளை வேட்டி இஸ்திரி போட்டு வச்சிருக்கேன். விழா முடிஞ்சதுன்னா கமிட்டியும் முடிஞ்சது, அடுத்த ஆவணி வரைக்கும் வேலை இல்லை.

கதவைப் பிடிச்சுக்கிட்டே நிக்கிறீங்களே. அந்தப் போன் விஷயத்தை மட்டும் சொல்லிடறேன், அது இல்லாம இது முழுசாகாது. சேனல் பொண்ணு பேசின அன்னிக்கே பட்டாபியைப் பிடிச்சேன். எடுத்ததும், "மன்னிச்சுடுங்கண்ணே"ன்னான். "அதெல்லாம் இருக்கட்டும். என் பார்ட்டை நீதானே பேசினே? எப்படிப் பேசினே, எனக்குப் பேசிக் காட்டு"ன்னேன். "விடுங்கண்ணே, சங்கடமா இருக்கு"ன்னான். "டைரக்டர் சொல்றேன், பேசுடா"ன்னேன். இத்தனை வருஷத்துல அவன் ஊர்ல இருக்கறவங்க எல்லாரையும் பேசிக் காட்டியிருக்கான், என்னைப் பேசினதே இல்லை.

அப்புறம் ஒரு செருமல் செருமினான் பாருங்க, எனக்குத் தூக்கி வாரிப் போட்டுது. "ஒரு நிமிஷம்"னான். என் குரல்மா. அச்சு அசல் என் குரல். பேசறதுக்கு முன்னாடி நான் மூக்குக் கண்ணாடியைக் கழட்டித் துடைப்பேனாம், அந்த நேரத்தைக் கூட விட்டான். ரிஷிகேஷுக்கு மூச்சு இல்லைன்னான். சந்தானகோபாலுக்கு என் மேல ரசனை இருக்கு, அதனால ஆகாதுன்னான். இளஞ்சேரல்கிட்ட வந்தப்போ என்னால அடக்க முடியலை, சிரிச்சுட்டேன். சுலோச்சனா இருந்திருந்தா, பக்கத்து ரூம்ல நான்தான் பேசறேன்னு நினைச்சிருப்பா. ஸ்பீக்கர்ல போட்டுட்டு ஹேமாம்மா நாற்காலியில உட்கார்ந்தேன். ரொம்ப நாளைக்கப்புறம் இந்த ஹால்ல ஒரு வசனம் முழுசாப் பேசிக் கேட்கறேன்.

கடைசியில வேகத்தைக் குறைச்சான். "சரி, சாருமதியே இருக்கட்டும்"னான். முடிஞ்சதுன்னு நினைச்சேன். முடிக்கலை. இன்னும் என் குரல்லயே, ஆனா மெதுவா, "அதான் முடிவாயிடுச்சே, இன்னும் கொஞ்ச நேரம் உட்காருங்க. இன்னொரு தடவை டிகாஷன் போடறேன். போகாதீங்க"ன்னான்.

எனக்குச் சுருக்குன்னுச்சு. "டேய் பட்டாபி, நான் எப்படா அப்படிச் சொன்னேன்? ஒரு நாள் கூடச் சொன்னதில்லையே"ன்னேன்.

அவன் தன்னோட குரலுக்கு வந்துட்டான். "நீங்க சொன்னதில்லைண்ணே. ஆனா பார்ட்டுல இருக்கு"ன்னான்.

நான் போனை வச்சுட்டேன். நல்ல நடிகன்தாம்மா அவன், அதை நான் மறுக்கலை. ஆனா எழுதாத வசனத்தைச் சேர்த்துப் பேசற பழக்கம் அவனுக்கு ஆரம்பத்துலேர்ந்தே உண்டு, எத்தனையோ தடவை கண்டிச்சிருக்கேன். நீங்க வெளி ஆளு, உங்களுக்கு எந்தப் பட்சபாதமும் கிடையாது, நீங்களே சொல்லுங்க. வந்ததுலேர்ந்து இவ்வளவு நேரம் பேசிட்டிருக்கோம். உங்களை ஒரு தடவையாவது போகாதீங்கன்னு நான் சொன்னேனா?